கிரீன் பார்க்கில் இல்லாத இண்டர்நெட்

நான் டெல்லிக்குப் போனது வேலை தேடி அல்ல, ஊர் பார்க்கவும் அல்ல. காற்றில் எங்கெங்கே இண்டர்நெட் இருக்கிறது என்று பார்த்து எழுதிவரப் போனேன். இதைச் சொன்னபோது அம்மா, "காத்துல இருக்கறத எழுத அம்புட்டுத் தூரம் போகணுமா? ஏன், மதுரையில காத்து இல்லையா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அடுத்த கேள்வி வருவதற்குள், அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம், டெல்லியில் குளிர் விடுகிற நேரம். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டிருந்தோம். லாரி ஷெட், பரோட்டாக் கடை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று சுற்றிவிட்டு, மதுரையில் ஒரு ப்ரௌசிங் சென்டரில் காவலுக்கு உட்கார்ந்தேன். காவல் காக்கக் காக்க கம்ப்யூட்டர் பழகிவிட்டது. அங்கேதான் அந்த வலைத்தளத்தைப் பார்த்தேன்.

பெங்களூரில் நாலைந்து பேர் சேர்ந்து அதை நடத்தினார்கள். திறந்தால் இந்தியாவின் வரைபடம். எந்த ஊரில் எந்த இடத்தில் பொதுமக்களுக்கு வயர்லெஸ் இண்டர்நெட் கிடைக்கிறதோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. யார் வேண்டுமானாலும் புள்ளி வைக்கலாம். கூலி கிடையாது, பெயர் மட்டும் போடுவார்கள். விதி ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்தே ஒரு மெயில் அனுப்பிய பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும். டெல்லிக்கு அப்போது நாலே புள்ளிகள். நாலும் பெரிய ஓட்டல்கள். 'தலைநகரம் இப்படிக் காலியாகக் கிடக்கிறதே' என்று பெங்களூர்க்காரர் புலம்பியிருந்தார். கீழே நான் 'போகிறேன்' என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு டெல்லி எந்தத் திசை என்றுகூடச் சரியாகத் தெரியாது.

தைரியத்துக்குக் காரணம் என் சிநேகிதன் தனசேகர். திருநெல்வேலிக்காரன், டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டு முனிர்கா என்ற பகுதியில் அறை எடுத்திருந்தான். அறை என்றால் மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரு பெட்டி. அதில் ஏற்கெனவே மூன்று பேர். நான்காவதாக நான் கதவை ஒட்டிப் படுத்துக்கொண்டேன். யாராவது கக்கூசுக்குப் போனால் என்னை மிதிக்காமல் போக முடியாது. இரண்டாம் நாளே யார் மிதி யாருடையது என்று கண்ணைத் திறக்காமல் சொல்லப் பழகிவிட்டேன்.

தனசேகர் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். கனம் என்றால் அம்மிக்கல் கனம். பேட்டரி முக்கால் மணி நேரம் நிற்கும்.

"ஏலே முத்து, கீழ போட்டேன்னா உன்னையும் அது மேலயே போடுவேன், பாத்துக்கோ."

முதல் நாள் கனாட் பிளேஸ். ஒரு காபிக் கடையின் கண்ணாடியில் வயர்லெஸ் இருப்பதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனேன். காபி வாங்கினால் மட்டும் போதாதாம், சுரண்டுகிற கார்டு ஒன்றும் வாங்க வேண்டுமாம். சுரண்டினால் ஒரு எண் வரும், அதைப் போட்டால் அரை மணி நேரம். காபியில் நுரைதான் பாதிக்கு மேல். மதுரையில் இவ்வளவு நுரையோடு கொடுத்தால் டபராவைத் திருப்பி அவன் முன்னாலேயே ஊற்றியிருப்போம். புள்ளி வைத்தேன்: 'கார்டு வேண்டும். காபி வேண்டாம்.'

இரண்டாம் நாள் தூதரகங்கள் இருக்கும் பக்கம் போனேன். ஒரு மதில் ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்ததும் ஒரு போலீஸ்காரர் தடியோடு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தி அப்போது பதினைந்து சொல். அதில் ஆறு சாப்பாட்டுச் சாமான். மீதி ஒன்பதை வைத்து, காற்றில் இண்டர்நெட் தேடுகிறேன் என்று புரியவைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிடைச்சுதா?" என்றார் இந்தியில்.

"கிடைத்தது."

"அப்போ கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். நம் ஆட்கள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் விட்டார் என்று நினைக்கிறேன். விக்கெட் விழுந்திருந்தால் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருப்பார்.

நடந்து நடந்து இரண்டு நாளில் ஐந்து புள்ளிதான் தேறியது. செருப்பின் வார் அறுந்தது. வழியில் ஒருவர் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, மசாலாப்பொடி தூவி, எலுமிச்சை பிழிந்து தொன்னையில் கொடுத்தார். கிழங்குக்கு எலுமிச்சையா என்று முகம் சுளித்துத் தின்றேன். பிறகு இன்னும் இரண்டு தொன்னை தின்றேன். தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நடப்பானேன்? பஸ்ஸில் போகலாமே. ஜன்னலோரம் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தால், வழியில் இருக்கும் வயர்லெஸ் பெயரெல்லாம் தானாக வந்து விழும். எந்த ஸ்டாப்பில் வந்ததோ அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டால் முடிந்தது. ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து மெயில் அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறதுதான். ஆனால் பெங்களூரில் இருப்பவருக்கு நான் உட்கார்ந்தேனா ஓடினேனா என்று எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் முனிர்காவில் தனியார் பஸ் ஒன்றில் ஏறினேன். பஸ்ஸில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாப் பாகமும் சத்தம் போட்டது. ஆனால் கண்டக்டரைப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் படியில் தொங்கி, தகரத்தைப் பட்பட்டென்று அடித்து, ஸ்டாப்பின் பெயரைத் தெளிவாகக் கத்தினார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் 'எறங்கு, எறங்கு' என்பாரே தவிர, எந்த ஸ்டாப் என்பதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வார். நான் தலையைக் குனிந்து ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயர்லெஸ் பெயர் வரும், பஸ் நிற்கும், கண்டக்டர் "கிரீன் பார்க்! கிரீன் பார்க்!" என்று கத்துவார், நான் எழுதுவேன். நிமிரவே தேவையில்லை. போகவும் வரவுமாக இரண்டு நாளில் முப்பத்தொரு புள்ளிகள்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. டெல்லியில் ஸ்டாப் ஒரு பக்கம் இருக்கிறது, ஊர் ஒரு பக்கம் இருக்கிறது. கண்டக்டர் 'ஐ.என்.ஏ.' என்று கத்தியதும் இறங்கினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டோ அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். நடந்துபோய், நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் அப்பளமும் புளியும் வாங்கிக்கொண்டு, தலைநகரத்து நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

புளி வாங்கியது செல்வி அக்காவுக்காக. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் மாடிக்குக் கீழே சந்தில் ஒற்றை அறையில் இருந்தார். வசந்த் விஹாரில் இரண்டு வீட்டுக்குச் சமையல். காலையில் அவர் சுடும் இட்லியில் எங்கள் அறைக்கும் ஒரு பங்கு வரும், சாமான் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் மல்லிகா. ஏழு மாதம். அவள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது அப்பா ஆறுமுகம் கொத்து வேலைக்கு மஸ்கட் போனவர். பெண்ணை இன்னும் பார்க்கவில்லை.

புளியைக் கொடுத்தபோது அக்கா முகம் சரியில்லை.

"சனிக்கெழம அவர உள்ளாற பாலைவனத்து சைட்டுக்கு அனுப்புறாங்களாம் தம்பி. போன் புடிக்காதாம். திரும்பி வர ஆறு மாசமாம். வெள்ளிக்கெழம மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அரை மணி நேரம் ஒக்கார வைக்கிறேன்னு ஒருத்தரு சொல்லியிருக்காரு. புள்ளையப் பாத்துட்டுப் போறேங்கறாரு."

"ப்ரௌசிங் சென்டருக்குப் போக வேண்டியதுதானே?"

"போனேனே. அடையாள அட்டை கேக்கறான். எங்கிட்ட இருக்கறது ரேஷன் கார்டு, அதுவும் ஊர்ல பொட்டியில இருக்கு. பையா, பையான்னு இந்தியில அண்ணன் மொற சொல்லிக் கெஞ்சிப் பாத்துட்டேன். போலீஸு ரூலுங்கறான்."

அந்த வாரம் முழுவதும் நான் ஒரு பெரிய மனிதன்போல உலவிக்கொண்டிருந்தேன். அந்த மிதப்பில் சொல்லிவிட்டேன்: "அக்கா, டெல்லியில் இண்டர்நெட் எங்கே இருக்கிறது என்று மேப் போட்ட ஆளே உங்கள் முன்னால் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை நான் கூட்டிப் போகிறேன்."

அன்று இரவு வலைத்தளத்தில் ஒருவர் என் புள்ளிக்குக் கீழே எழுதியிருந்தார்: 'கிரீன் பார்க்கில் அரை மணி நேரம் நடந்தேன். எங்கும் கிடைக்கவில்லை.' நான் பதில் போட்டேன்: 'உங்கள் கம்ப்யூட்டர் பழசாக இருக்கும்.' தனசேகர் படித்துவிட்டுச் சிரித்தான். "ஒனக்கு வாய் ரொம்பத்தான் கூடிப்போச்சுலே."

வெள்ளிக்கிழமை. ஆறுமுகம் உட்காருவது நம் நேரத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வரை. தனசேகர் எங்கிருந்தோ ஒரு வெப்கேமரா வாங்கிவந்து கொடுத்தான். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார். மல்லிகாவுக்கு நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று என்று இரண்டு மைப்பொட்டு. 'கம்ப்யூட்டர்ல எத்தன பேரு பாப்பாங்களோ' என்றார் அக்கா.

நான் தேர்ந்தெடுத்தது கிரீன் பார்க் புள்ளியைத்தான். முனிர்காவுக்குப் பக்கம், இலவசம், பஸ்ஸில் பார்த்தபோது சிக்னல் முழுசாகக் காட்டியது. புகார் எழுதியவரை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் தகரத்தை அடித்து "கிரீன் பார்க்!" என்று கத்தியதும் நான் லேப்டாப்போடு எழுந்தேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு தம்பி. இன்னும் வரல."

அக்கா ஐந்து வருடமாக இந்த ஊரில் இருப்பவர். உட்கார்ந்தேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். மணி ஒன்று இருபது.

லேப்டாப்பைத் திறந்தேன். ஒன்றுமில்லை. பத்தடி நடந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு ஸ்வீட் கடை, துணிக்கடை, மூக்குக் கண்ணாடிக் கடை என்று ஒவ்வொன்றின் வாசலிலும் கையில் லேப்டாப்பை ஏந்தி, தாம்பாளத்தில் சீர் கொண்டுபோகிறவன்போல நடந்தேன். பின்னால் அக்கா, இடுப்பில் மல்லிகா. கண்ணாடிக் கடைக்காரர் ஏதோ விளம்பரத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். மணி ஒன்றரை தாண்டியது.

"எவன் இந்தப் புள்ளியை வைத்தான்" என்று முணுமுணுத்தேன். வைத்தவன் யார் என்பது உடனே ஞாபகம் வந்தது.

ஒன்று முப்பத்தைந்து. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மல்லிகாவின் கன்னத்துப் பொட்டு வியர்வையில் வழிய, அதைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே, "இங்கதான் பாத்தியா தம்பி? நல்லாத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பஸ்ஸுலதான்க்கா பாத்தேன். ஸ்கிரீன்ல பேரு வந்துச்சு. பஸ் நின்னுச்சு. கண்டக்டர் கிரீன் பார்க்னு கத்துனாரு. எழுதிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நல்ல வெயிலில் நிற்கும் ஒரு முட்டாளைப் பார்க்கிற பார்வை.

"கண்டக்டர் கத்தினத வச்சா எழுதின?"

"ஆமா."

"அட லூசே! நம்மூரு மாதிரி எறங்கறவங்களுக்கா கத்தறான் இவன்? ஏறுறவங்களுக்குக் கத்தறான்! முன்னாடி ஸ்டாப்பு ஹௌஸ் காஸ்ல நின்னுக்கிட்டு, 'கிரீன் பார்க் போகுது, கிரீன் பார்க் போகுது, வா வா'ன்னு ஆள் புடிக்கறான். வரப்போற ஸ்டாப்பச் சொல்றான்டா!"

சில விஷயங்கள் ஒரு நொடியில் புரிந்துவிடும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்த ஒரு கிலோமீட்டர் புரிந்தது. நிர்வாகத்தைத் திட்டியது ஞாபகம் வந்தது. முப்பத்தொரு புள்ளிகளும் வரிசையாக மனதில் வந்து, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப் தள்ளி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன.

"அப்ப நம்ம இண்டர்நெட்டு ஹௌஸ் காஸ்லயாக்கா?"

"கேட்டுக்கிட்டு நிக்காத, ஓடு!"

எதிர்ப்பக்கத்துக்கு ஓடினோம். முதல் ஆட்டோக்காரர் மாட்டேன் என்றார். இரண்டாமவர் பக்கத்து ஸ்டாப்புக்கெல்லாம் வர முடியாது என்றார். அக்கா மல்லிகாவை என் கையில் திணித்துவிட்டு, ஆட்டோவின் முன்னால் நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டு இந்தியில் பேசினார். என்ன பேசினார் என்று முழுதாகப் புரியவில்லை. அந்த ஆளின் அம்மா, அவருடைய மீசை, மல்லிகாவின் அப்பா மூன்றும் அதில் வந்தன. கடைசியில் "சலோ, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார். ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டார். டெல்லி ஆட்டோவில் மீட்டர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஹௌஸ் காஸ் ஸ்டாப்பில் பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் பனியன் விளம்பரம். கீழே சிமெண்ட் பெஞ்சு. திறந்தேன். ஸ்கிரீனில் 'வெல்கம்' என்று ஒரு பெயர் வந்து நின்றது. பஸ்ஸில் பார்த்த அதே பெயர். பெஞ்சின் வலது ஓரத்தில் அறுந்து அறுந்து வந்தது. இடது ஓரத்தில் பருமனான ஒரு பெரியவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கும்பிட்டு அவரை எழுப்பிவிட்டார். மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

மெசஞ்சரில் ஆறுமுகத்தின் பெயர் பச்சையாக இருந்தது. அழுத்தினேன். ஸ்கிரீன் கறுப்பாகி, கட்டம் கட்டமாகி, ஒரு மீசை வந்தது. மீசைக்குப் பின்னால் மெல்ல ஒரு முகம்.

"செல்வி! கட் பண்ணிட்டுப் போயிடலாம்னு இருந்தேன். இந்தாளு எந்திரிங்கறாரு."

"இதோ புள்ள, இதோ பாருங்க, உங்க புள்ள" என்று அக்கா மல்லிகாவைக் கேமராவுக்கு முன்னால் தூக்கினார். அரைச் சாண் தூரம். ஆறுமுகத்துக்கு அங்கே ஒரு மூக்கும் மைப்பொட்டும்தான் தெரிந்திருக்கும். நான் பின்னால் இழுத்தேன்.

மல்லிகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மல்லிகாவைப் பார்த்தார். ஒரு கணம். பிறகு அவள் உதடு பிதுங்கி, பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டு அழுதாள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. கடலைப் பெரியவர் சொடக்குப் போட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடி மூடித் திறந்து காட்டினாள். "பசியா இருக்கும்", "வெயில்", "மீசையைப் பார்த்துப் பயந்துட்டா, அந்தாளை மூடிக்கச் சொல்லுங்க" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆறுமுகம் கையால் மீசையை மூடிக்கொண்டார். கைக்கு மேலே கண் இரண்டும் நிரம்பியிருந்தன.

"வேணாம், சமாதானம் பண்ணாதீங்க. அழுவட்டும். சத்தம் நல்லாக் கேக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தகரத்தை அடித்து, "கிரீன் பார்க்! கிரீன் பார்க்!" என்றார்.

"கிரீன் பார்க்லயா இருக்கீங்க?" என்றார் ஆறுமுகம்.

"இல்லீங்க, ஹௌஸ் காஸ்" என்ற அக்கா என் பக்கம் திரும்பி, "கண்டக்டர் கத்தினத இவரும் நம்பிட்டாரு, இவருக்கும் சேத்து ஒரு புள்ளி வச்சுடு" என்றார். அழுதுகொண்டே சிரிக்க முடியும் என்பதை அன்றுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

எட்டு நிமிடம் பேசினார்கள். பேட்டரி சிவப்பாகியிருந்தது. ஆறுமுகத்தின் தோளில் யாரோ கை வைப்பது தெரிந்தது. "ஆறு மாசந்தான்" என்றார். ஸ்கிரீன் கறுப்பானது.

மேலே முதல் மாடி பால்கனியில் இருந்து ஒருவர் படபடவென்று இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்து விபத்து என்று நினைத்தாராம். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். வெள்ளைக்காரர்கள் கேட்கிறார்கள் என்று வயர்லெஸ் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று பூட்டாமல் விட்டிருந்தார். விஷயம் தெரிந்ததும், கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய் மார்பைத் தட்டி, "இது என் இண்டர்நெட்! என் இண்டர்நெட்டில்தான் இந்தக் குழந்தை அப்பாவைப் பார்த்தது!" என்றார். மேப்பில் போடலாமா என்று கேட்டேன். "போடு, பெரிசாப் போடு" என்றவர் எல்லாருக்கும் டீ சொன்னார். மேலே போய் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேன். பெஞ்சிலிருந்து, விதிப்படி, பெங்களூருக்கு ஒரு மெயில் அனுப்பினேன்.

அடுத்த நாள் முழுக்க அதே வழியில் நடந்தேன், ஸ்டாப் ஸ்டாப்பாக, லேப்டாப்பும் அறுந்த செருப்புமாக. முப்பத்தொரு புள்ளிகளையும் அழித்தேன். உட்கார்ந்து மெயில் அனுப்ப முடிந்த பதினெட்டை மட்டும், இருக்கிற இடத்தில், திரும்ப வைத்தேன். கிரீன் பார்க்கில் அலைந்தவருக்கு எழுதினேன்: 'மன்னிக்கவும். உங்கள் கம்ப்யூட்டர் பழசில்லை. நான்தான் ஊருக்குப் புதுசு.'

ஹௌஸ் காஸ் புள்ளிக்குக் கீழே இப்படிக் குறிப்பு போட்டேன்: 'பஸ் ஸ்டாப் பெஞ்சு, இடது ஓரம். இலவசம். கண்டக்டர் சொல்வதை நம்ப வேண்டாம். சோதித்தவர்: மல்லிகா, ஏழு மாதம். படம் நல்ல தெளிவு. பார்த்ததும் அழுதுவிட்டார்.'